மிளகு ஏறிய பச்சைப் பெட்டிகள்

பேரன் பேத்திகள் ரயிலில் போய் வந்த கதையை எடுத்தால் எனக்கு மிளகு வாசனை அடிக்கும். சிரிக்காதீர்கள். நம் வயதில் ஆளுக்கொரு கோளாறு. உங்களில் சிலருக்கு மேகம் கறுத்தால் முழங்கால் குடைகிறது, எனக்கு ரயில் என்றால் மிளகு. கொஞ்சம் கூர்ந்து கவனித்தால் கடுகும் வெந்தயமும்கூட வரும். டாக்டரிடம் சொன்னால் அதற்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார் என்று இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம்.

நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது நம் பக்கத்தில் ரயில் ஏது? எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, முழுக்க மேட்டாங்காடு. மழை பெய்தால் சோளமும் கடலையும், பெய்யாவிட்டால் வெறும் கட்டாந்தரை. கிணறு இருந்தது, எட்டிப் பார்த்தால் நம் முகம்கூடத் தெரியாத ஆழத்தில் தண்ணீர். ரயிலைப் பார்க்க வேண்டுமானால் வண்டி கட்டிக்கொண்டு சங்ககிரிக்குப் போக வேண்டும். நான் அதுவரை ஒரே ஒரு முறை போயிருந்தேன். கரும்புகையும் சத்தமும்தான் நினைவில் இருந்தன. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அவள் மூடவில்லை. எந்தப் பெட்டிக்குப் பின்னால் எந்தப் பெட்டி வந்தது, எதில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், எதில் ஜன்னலுக்குத் திரை தொங்கியது என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தவள் அவள்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் அக்காவுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். நான் அரைப்பாவாடையோடு ஓடிக்கொண்டிருந்தபோது அவள் சீலை கட்டிக்கொண்டு கிணற்றடிக்கும் வீட்டுக்குமாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். என் தலைக்குப் பேன் பார்ப்பது, எனக்குச் சோறு ஊட்டுவது, என்னை அடிப்பது, அடித்த பின் கொஞ்சுவது எல்லாம் அவள்தான். அம்மாவுக்கு மாடு கன்றைப் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

அந்த வருஷம் தை கழிந்து வெயில் ஏற ஆரம்பித்த நேரம். சேலத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வேலை முடிந்து சீமைக்குத் திரும்பினார். அவர் பங்களாச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா போனார். அவர் போனது ஓர் இரும்புத் தண்ணீர்த் தொட்டிக்காக. தொட்டி வேறு யாருக்கோ போய்விட்டது. அப்பா துண்டில் எதையோ சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், உட்கார்ந்து துண்டைப் பிரித்தார். உள்ளே ஒரு பொம்மை ரயில் எஞ்சின், வளைந்த தகரத் தண்டவாளத் துண்டுகள், ஒரு சாவி.

நான் அவ்வளவு அழகான பொருளை அதற்கு முன் தொட்டதில்லை. அடர்ந்த பச்சை நிறம். உடம்பு நெடுக மஞ்சளில் மெல்லிய கோடு. புகைபோக்கி கறுப்பு. கையில் எடுத்தால் கல்போலக் கனத்தது, மூக்கருகே கொண்டுபோனால் மெஷின் எண்ணெய் வாசனை. பக்கவாட்டில் ஓர் ஓட்டை. அதில் சாவியைச் செருகி முறுக்கித் தண்டவாளத்தில் விட்டால் கிர்ரென்று ஓடும். சாவியை முறுக்க என் விரலுக்கு வலு இல்லை. அக்காதான் முறுக்குவாள். முறுக்கி முடித்ததும் சாவியை முந்தானையில் முடிந்துகொள்வாள். அது அவள் பழக்கம். குதிர்ச் சாவி, பெட்டிச் சாவி, எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, தண்ணித் தொட்டி வாங்கப் போயிட்டு இதையா வாங்கிட்டு வந்தீங்க?"

"இதுவும் தண்ணி குடிச்சுத்தான் ஓடுமாமா, நெசத்துல," என்றார் அப்பா.

நான் துண்டை உதறிப் பார்த்தேன். "பொட்டி எங்கப்பா?"

"பொட்டிய வேற குவியல்ல வெச்சு ஏலம் உட்டானுங்க கண்ணு. தகர டப்பாவோட டப்பாவாக் கெடந்துச்சு. அது கெடக்குது. மாடு நல்லா அமைஞ்சாப் போதும், வண்டிய நம்ம ஆசாரி செஞ்சுட மாட்டானா?"

இதுதான் எங்கள் அப்பா. எங்கள் ஊர் ஆம்பளைகள் எல்லாருமே அப்படித்தான் வாங்கியிருப்பார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன். சந்தையில் நல்ல காளை கண்ணில் பட்டால் வண்டியைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினார். அவர் எஞ்சினை வாங்கிப் பார்த்து, வேப்ப மரத்தில் இரண்டு பெட்டி செய்துகொண்டு வந்தார். பாவம், அவர் வாழ்நாளெல்லாம் செய்தது மாட்டு வண்டி. பெட்டியும் அப்படியே இருந்தது. பின்னால் ஆள் ஏற ஒரு படிகூட வைத்திருந்தார். அக்கா சாவி முறுக்கினாள். எஞ்சின் ஒரு முறை முனகியது, ஒரு விரல் நகர்ந்தது, நின்றுவிட்டது. அப்பா குனிந்து அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார், "ஹை ஹை" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பிறகு அக்கா கையில் எடுத்தாள். சோள அறுவடை முடிந்து தண்டெல்லாம் தட்டாகக் காய்ந்து கிடந்த காலம் அது. மேட்டாங்காட்டில் அந்த இரண்டு மூன்று மாதம் யாருக்கும் பெரிய வேலை இருக்காது. உழ மழை இல்லை, அறுக்கப் பயிர் இல்லை. மத்தியானமெல்லாம் அக்காவும் நானும் ஆசாரத்தில் உட்கார்ந்து சோளத்தட்டை உரிப்போம். தோல் கையைக் கிழிக்கும். உள்ளே வெள்ளை நெட்டி, பஞ்சுபோல. அதில் பெட்டி செய்து, அப்பாவின் பழைய சட்டைப் பொத்தான்களைச் சக்கரமாக வைத்தாள். ஜன்னல்கூட வெட்டினாள். ஜன்னலுக்குள் குன்றிமணியை ஒட்டி, "இது அம்மா, இது அப்பா, இது நீ" என்பாள். ஆசாரத்தின் நடுத்தூணைச் சுற்றித் தண்டவாளம் போட்டிருந்தோம். தட்டுப் பெட்டிகள் இழுத்த வேகத்துக்குப் பறந்தன. ஆனால் வளைவு வந்ததும் கவிழ்ந்தன. ஒவ்வொரு முறையும் குன்றிமணி அப்பா வெளியே உருண்டு விழுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

சிரித்தேனே தவிர, எனக்குத் திருப்தி இல்லை. உண்மையான பெட்டி வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து பிறந்த பெட்டி. பச்சையாக, மஞ்சள் கோடு போட்டதாக. தினமும் அப்பாவைப் பிடுங்கினேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்பார்.

பங்குனி பாதியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தானாகவே தலை நிமிர்ந்தார். "ஏலத்துல என்ற பக்கத்துல நின்னவரு ஜேடர்பாளையத்துக்காரரு. டப்பாக் குவியல அவருதான் எடுத்தாரு. அதுல ரயில் பொட்டி இருந்துச்சு. போய்க் கேட்டுப் பாக்கலாமா கண்ணு?"

இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் விடியும் முன்பே சவாரி வண்டி பூட்டினார்கள். அம்மா அக்காவுக்குத் தலை வாரி, பூ வைத்து, அரக்கு நிறப் பட்டுச் சீலையை எடுத்துக் கொடுத்தாள். எனக்கும் புதுப் பாவாடை. எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு நான் வண்டியில் முதலில் ஏறி உட்கார்ந்தேன். உலகமே என் எஞ்சினுக்குப் பெட்டி பார்க்கக் கிளம்பியிருக்கிறது என்று எனக்கு அப்படி ஒரு கர்வம்.

ஜேடர்பாளையத்தை நெருங்க நெருங்கக் காற்றே மாறியது. எங்கள் பக்கம் புழுதி வாசனை. அங்கே சேறும் வெற்றிலையும். இரண்டு பக்கமும் வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால். வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வாய்க்காலில் இரண்டு கையையும் விட்டு அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். முகம் கழுவவில்லை, குடிக்கவும் இல்லை. "பங்குனில பாரு, தண்ணி!" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வீட்டுப் பெரியவர் எங்களை வாசலிலேயே எதிர்கொண்டார். அவர் மனைவி, தடித்த உருவம், நெற்றி நிறையக் குங்குமம், எங்களை உள்ளே அழைத்துப்போனார். மோர் வந்தது. மழை, மாடு, விளைச்சல் என்று பேச்சு ஓடியது. எப்போது பெட்டியைப் பற்றிப் பேசுவார்கள் என்று நான் நெளிந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாள் என் அம்மாவிடம், "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். "அப்ப நாம முறைதானுங்க," என்றார் அந்த அம்மாள், முகம் மலர்ந்து.

நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தங்கை. வேறு கூட்டம் என்றால்தான் பெண் கொடுத்து எடுக்கலாம். தகரப் பெட்டி கேட்டு வந்தவர்களிடம் கூட்டம் விசாரிப்பானேன் என்று எனக்கு அன்று உறைக்கவில்லை. வாய்க்காலிலிருந்து ஈரக்காலோடு வந்த ஓர் இளவட்டம் தாவாரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் அந்த அம்மாள் என் மடியைப் பார்த்தார். "இதுக்குத்தான் பொட்டி வேணுமா சாமி? வா, வந்து பாத்து எடுத்துக்க."

அடுப்படிக்குள் போனோம், அவர், அம்மா, அக்கா, நான். அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு பலகை. அதன் மேல், கைக்கு எட்டும் உயரத்தில், இரண்டு பச்சைப் பெட்டிகள்! அதே பச்சை, அதே மஞ்சள் கோடு. வரிசையாக ஜன்னல். அந்த அம்மாள் ஒன்றை இறக்கி, அதன் கூரையை மூடிபோலத் திறந்து காட்டினார். உள்ளே குட்டிக் குட்டி அறைகள், அறைக்குள் மர நாற்காலிகள். நாற்காலிகளுக்கு நடுவே மிளகு. அடுத்த அறையில் சீரகம். இன்னொரு பெட்டியில் கடுகு, வெந்தயம்.

"அவரு ஏலத்துல எடுத்துட்டு வந்தாரு. அஞ்சறைப் பொட்டியின்னே நெனச்சேனுங்க நானு. இத்தன ஜன்னல் எதுக்கு வெச்சான்னுதான் ரோசன," என்றார் அம்மாவிடம். "கொளந்த ரெண்டு எடுத்துக்கட்டும். ரெண்டு எனக்கு வேணுமுங்க. கை பழகிப்போச்சு."

அப்போதுதான் இன்னும் இரண்டு இருப்பது தெரிந்தது. மேலே அட்டாலியில், கை எட்டாத இடத்தில். பழுப்பு நிறம். அவற்றையும் இறக்கிக் காட்டினார். ஒன்றில் பெருங்காயமும் சுக்கும், ஒன்றில் பழைய கொட்டைப்பாக்கு. வேறு ஏதோ ரயிலைச் சேர்ந்தவை போலிருந்தன. எஞ்சினைவிட உயரம், கோடு கிடையாது, ஜன்னல் வட்டமாக.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து எஞ்சினை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பச்சையைத் தொட்டேன்.

அக்கா என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எஞ்சினை என் மடியிலிருந்து வாங்கிப் பச்சைப் பெட்டிக்கு முன்னால் வைத்துப் பார்த்தாள். அவ்வளவு பொருத்தம். அவளுக்கும் அது தெரிந்தது, கண்ணில் தெரிந்தது. பிறகு பலகையைப் பார்த்தாள். பெட்டி இருந்த இடத்தில் சுவரில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. பெட்டிக் கூரையிலும் விரல் படும் இடத்தில் பச்சை தேய்ந்து தகரம் தெரிந்தது.

"பச்ச வேண்டாஞ் சாமி," என்றாள் மெதுவாக. "அவிய தெனமும் பொழங்கறது. பழுப்ப எடுத்துக்க."

"அது இதுக்குச் சேராதக்கா."

"கொக்கி சேருது பாரு. ஓடறதுக்கு நெறம் எதுக்கு?" கொக்கியை மாட்டிக் காட்டினாள். சேர்ந்தது. பிறகு பச்சைப் பெட்டியின் கூரையை மூடி, ஒரு மிளகு கீழே சிந்தாமல் பழைய இடத்தில், பழைய வாட்டத்தில் வைத்தாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதனால் தரையைத்தான் பார்த்தேன். தரையில் அந்த அம்மாளின் கால் விரல்கள் அம்மாவின் பக்கம் திரும்பின. பிறகு அந்த அம்மாள் அக்காவின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களை முறித்தார். அன்று நாங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வாழைப்பூ வடை இருந்தது. நான் பழுப்புப் பெட்டிகளை முறைத்துக்கொண்டே தின்றேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய வைகாசி வரை ஆனது. பந்தல் போட ஆள் வந்த பிறகுதான், அக்காவை அந்த ஜேடர்பாளையத்து வீட்டுக்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. ஏலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதே இரண்டு அப்பாக்களும் பேசி வைத்திருக்கிறார்கள். பெண் பிடிக்காமல் போனால் யாருக்கும் தலைகுனிவு வேண்டாமே, அதற்கு என் எஞ்சின் ஒரு சாக்கு. பெட்டி பார்க்கப் போனதாக ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

நான் தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பா வந்து தலையைத் தடவினார். "அழுவாத கண்ணு. கண்ணாலம் முடியட்டும், அந்தப் பச்சப் பொட்டியையும் எப்படியாச்சும் கேட்டு வாங்கித் தாரேன்." பெட்டிக்காக அழுகிறேன் என்று நினைத்தார். அக்காவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. "தண்ணி இருக்கற ஊட்டுக்குக் குடுத்தாச்சு. இனி அவ கொடத்தத் தூக்கிட்டு நடக்க வேண்டாம். உக்காந்து சாப்புடுவா." அதைச் சொல்லும்போது அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு என்னவோ செய்கிறது.

கல்யாணம் முடிந்து அக்கா கிளம்பும் நாள். வாசலில் வண்டி நிற்கிறது, ஒறம்பரைச் சொந்தமெல்லாம் வாசலில். நான் ஆசாரத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கூரைப்புடவையோடு உள்ளே வந்தாள். கீழே உட்கார்ந்து, முந்தானையை அவிழ்த்துச் சாவியை எடுத்து, எஞ்சினுக்கு முழுசாக முறுக்கினாள். பச்சை எஞ்சின் இரண்டு பழுப்புப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பெருங்காய வாசனையோடு தூணைச் சுற்ற ஆரம்பித்தது. வாசலில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வாரேன்," என்று அவர்களுக்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா தெரியாது. எழுந்து போனாள்.

வண்டிச் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை அவள் போகவில்லை என்று எனக்கு ஒரு கணக்கு. சுற்று தளர்ந்து தளர்ந்து, தூணுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியாத இடத்தில் போய் நின்றது. பொழுது சாயத்தான் சாவியைத் தேடினேன். பழக்க தோஷத்தில் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

கொல்லனிடம் சொல்லி வேறு சாவி அடித்துத் தருவதாக அப்பா சொன்னார். "வேண்டாம். அக்கா கொண்டாரும்," என்றேன். ஆடி நோம்பிக்கு அழைத்து வருவார்கள், தெரியும். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்குக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும். ஆடி எப்போது வரும் என்று அம்மாவைத் துளைத்தெடுத்தேன். எஞ்சினைத் துடைத்து வைத்தேன். தண்டவாளத்தில் எறும்பு ஊர்ந்தால்கூட விரட்டினேன். பச்சைப் பெட்டியை அவள் எனக்காகக் கேட்டு வாங்கி வருவாள் என்றும், வரமாட்டாள் என்றும் மாறி மாறி நினைத்தேன். உண்மையில் எனக்குப் பெட்டிகூட வேண்டியிருக்கவில்லை. அவள் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு சாவியை முறுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆடியில் வந்தாள். வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டுமாக வண்டி நிறைய வந்தது. அக்கா இறங்கினாள். கறுத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கொடிக்கால் கறை, சேற்றுப் புண்ணால் கால் விரலிடுக்கு வெளுத்திருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் மேல் எங்கள் வீட்டு வாசனை இல்லை. மிளகும் வெற்றிலையும் கலந்து வேறு என்னவோ அடித்தது.

வந்தவள் சாப்பிட்டாள், பாய் போட்டுப் படுத்தாள், தூங்கினாள். பகலெல்லாம் தூங்கினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே அவள் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். எங்கள் மேட்டாங்காட்டில் மழை இல்லையென்றால் வேலை இல்லை. சோளத்தட்டில் ரயில் செய்யலாம். தண்ணீர் ஓடும் ஊரில் வருஷம் பூராவும் வேலை ஓடும். வெற்றிலை கிள்ள வேண்டும், வாழைக்குக் கட்ட வேண்டும், நாற்று நட வேண்டும், ஆளுக்குச் சோறு ஆக்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிடுவாள் என்றாரே அப்பா, அவர் தாவாரத்தில் உட்கார்ந்து காளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்ததும் நான் கையை நீட்டினேன். "சாவி."

அவள் முந்தானையைத் தடவினாள். முகம் மாறியது. "அய்யோ சாமி! எங்கூட்ல கடுகுப் பொட்டிலயே கெடக்குது. பத்தரமா இருக்கட்டும்னு போட்டு வெச்சேன். கெளம்பற அவசரத்துல மறந்துட்டேன்."

சாவி போனால் போகிறது. எங்கூட்ல என்றாளே! எங்கள் ஆசாரத்தில், எங்கள் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கூட்ல என்று அவள் சொன்னது வேறு ஒரு வீட்டை. அவளுக்குத் தான் சொன்னது தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. விசிறி நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வா, கையில தள்ளலாம்," என்றாள். கிர்ரென்று வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு தூணைச் சுற்றித் தவழ்ந்து தள்ளினாள். நானும் பின்னால் தவழ்ந்தேன். அந்த மாதிரி ஒரு ரயில் பிறகு என் வாழ்க்கையில் ஓடவே இல்லை. நோம்பி முடிந்த கையோடு நடவு என்று ஆள் வந்தது, போய்விட்டாள்.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. நாமக்கல் பக்கம் கொடுத்தார்கள். எஞ்சினை என் துணிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போனேன்; மாமியார் வீட்டில் வாய்விட்டுச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். அக்கா வீட்டுக்கு வருஷத்தில் சில முறையாவது போவேன். "உங்கக்கா ஊட்டுக்கு எதுக்கு இத்தன தடவ?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். "சாவி வாங்க," என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார். போனால் அந்தப் பலகையில் பச்சைப் பெட்டிகள் இருக்கும். அக்கா கடுகுப் பெட்டியைத் திறந்து, கடுகுக்குள் விரல் விட்டுச் சாவியைத் தோண்டி எடுத்து நீட்டுவாள்.

"இந்தா, எடுத்துட்டுப் போ. எத்தன வருசம்?"

"அடுத்த வாட்டி வாங்கிக்கறேன்க்கா."

ஒரு தரம், அவள் மாமியார் போய்ச் சில வருஷங்கள் கழித்து, அந்த அடுப்படியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது கேட்டேன். "அன்னைக்கு எதுக்குக் கூட்டிட்டு வந்தாங்கன்னு உனக்குத் தெரியுமாக்கா?"

"பட்டுச் சீல கட்டச் சொன்னப்பவே தெரியுமே. பொட்டி வாங்கறதுக்குப் பட்டு எதுக்கு?"

"தெரிஞ்சுமா பச்சய வேண்டாம்னே? என்னய எடுக்க உட்டிருந்தா, நீ வேண்டாம்னு அந்தம்மா அனுப்பியிருக்கும்."

அக்கா தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு பொரிந்து அடங்கியதும் சட்டியை இறக்கி வைத்தாள். "அதெல்லாம் அப்பத் தோணுச்சு சாமி. தோணாம இல்ல. ஆனா அவிய கை பட்டுப் பட்டுத் தேஞ்சு போன சாமான். எடுக்கக் கை வரலியே." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நீ பழுப்புப் பொட்டிய முறைச்சுட்டே வட தின்னது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது."

அதற்குப் பிறகு அவள் சாவியை எடுத்து நீட்டியதில்லை. நானும் கேட்கவில்லை. அது கடுகுக்குள் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த முறை வர ஒரு சாக்கு வேண்டாமா?

போன தையில் அக்கா போய்விட்டாள். தூக்கத்திலேயே. நல்ல சாவு என்றார்கள். காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அவள் மருமகள் ஆள் மூலம் ஒரு பை கொடுத்து அனுப்பினாள். நல்ல பெண். அத்தை அடிக்கடி சொல்லுவாங்க, இது சித்திக்குச் சேர வேண்டியது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பைக்குள் இரண்டு பச்சைப் பெட்டிகள். கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்திருந்தாள். ஒரு பெட்டிக்குள் நாற்காலிமேல் சாவி.

எஞ்சினை எடுத்து முன்னால் வைத்தேன். கொக்கியை மாட்டினேன். பச்சையும் பச்சையும், கோடும் கோடும், பிறந்ததிலிருந்து பிரியாதவைபோல ஒட்டி நின்றன. எவ்வளவு கழுவினாலும் மிளகு வாசனை போகவில்லை. சாவி முறுக்கச் சொல்லிப் பேத்தி தொந்தரவு செய்கிறாள். முறுக்கவில்லை. சாவி என்னிடம் வந்துவிட்டது. இனி ஜேடர்பாளையத்துக்குப் போக எனக்கு ஒரு சாக்கும் இல்லை.